நீலத்துக்கு மாத்திக்குங்க

சாவி என்னிடம்தான் இருக்கிறது சார். வீடு பார்க்கத்தானே வந்தீர்கள்? திறந்து காட்டுவதில் எனக்கொன்றும் கஷ்டமில்லை. ஆனால் வீட்டுக்காரர் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார், உள்ளே கும்மிருட்டு. கரண்ட் வந்ததும் காட்டுகிறேன். அதுவரை இப்படிப் படியிலேயே உட்காருங்கள். ஐயோ, அந்தப் படியில் வேண்டாம், அதற்கு மேல் படியில். அதில் இன்னும் மீன் வாடை போகவில்லை. மோந்து பார்க்காதீர்கள் சார், சொன்னால் நம்புங்கள்.

"இங்க அடிக்கடி கரண்ட் போகுமா தம்பி?" அதைத்தானே கேட்கப் போகிறீர்கள்? உங்களுக்கு முன்னால் வந்தவரும் இதையேதான் கேட்டார், நாக்கைச் சுழற்றிக்கொண்டு. "கழண்ட்டு ழொம்ப ழோகுமா ழம்பி?" சிரிக்காதீர்கள், அப்படியேதான் கேட்டார். என் பெயர் மிதுன். தரைத்தளத்து வீடு, இந்த வருஷம் பிளஸ் டூ. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், டூட்டிக்குப் போயிருக்கிறார். எனக்கு யார் குரலும் வரும். ஒரு தடவை கேட்டால் போதும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

போகும் சார். நன்றாகவே போகும். வேலூரில் கத்திரி வெயிலில் எந்தத் தெருவில்தான் போகவில்லை? லைனில் புங்கமரக் கிளை உரசினால் போகும், டிரான்ஸ்பார்மரில் அணில் ஏறினால் போகும், காக்கை கூடு கட்ட இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தால் போகும், சாயங்காலக் காற்றுக்குப் போகும். அதெல்லாம் ஊருக்குப் பொது. எங்கள் கட்டடத்தில் போவதற்குக் காரணம் அணிலும் இல்லை, காக்கையும் இல்லை. மனிதர்கள். இங்கே இருக்கும் மனிதர்களை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது சார். த்தூ.

நீங்கள் பார்க்க வந்திருக்கும் வீடு தணிகாசலம் சாருடையது. வாடகைக்கு இருந்தவர் இல்லை, சொந்த வீடு. கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருந்தவர், கருவூலத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அசோசியேஷன் செக்ரட்டரி. "அதாவது, நான் இந்தக் கட்டடத்த விட்டுப் போறதுன்னா நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும்" என்பார். அப்படிப்பட்டவர் ஏன் காலி செய்துவிட்டு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனார் என்று புரோக்கர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு வீடு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

கம்பத்திலிருந்து எங்கள் கட்டடத்துக்கு மூன்று பேஸ் வருகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம். ஒவ்வொரு வீட்டிலும் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திருகு. அதை எந்த நிறத்துக்குத் திருப்புகிறோமோ அந்த பேஸில் வீடு ஓடும். ஒன்று போனால் இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ளலாம். நல்ல வசதிதானே? அந்த வசதிதான் சனியன். வெயில் காலத்தில் ஏசியெல்லாம் ஓடும்போது மஞ்சளில் விளக்கு கொஞ்சம் மங்கினால் போதும், மஞ்சளில் இருக்கிறவர்கள் எல்லாம் டக்கென்று நீலத்துக்குத் தாவுவார்கள். அத்தனை பேர் ஏறினால் நீலம் தாங்குமா? பியூஸ் போகும். உடனே எல்லாரும் சிவப்புக்குத் தாவுவார்கள். அதுவும் போகும். அப்புறம் பால்கனியில் நின்றுகொண்டு ஊரையே திட்டுவார்கள். ஒரு பஸ்ஸில் எல்லாரும் ஒரே பக்கம் போய் நின்றுகொண்டு, வண்டி சாய்கிறதே என்று டிரைவரைத் திட்டுவது மாதிரி.

இதற்குத்தான் தணிகாசலம் சார் போன வருஷம் ஒரு விதிமுறை வைத்தார். இன்ன வீட்டுக்கு இன்ன நிறம், தாவக்கூடாது. வீடு வீடாகப் போய்த் திருகின்மேல் கலர் டேப் ஒட்டினார். செண்பகம் அக்காவுக்கும் வத்சலா மேடத்துக்கும் மஞ்சள். நாச்சிமுத்து சாருக்கும் எங்களுக்கும் நீலம். நாச்சிமுத்து சார் வீட்டில் இரண்டு ஏசி, அதனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் போடலாம் என்று தனிக் கட்டளை. சிவப்புதான் இருப்பதிலேயே மட்டம். கீழே கோழிக்கடை பிரீசரும் இஸ்திரிக் கடையும் அதில்தான் ஓடுகின்றன. பேன் சுற்றினால் றெக்கையை எண்ணலாம். அதை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? தனக்கே எடுத்துக்கொண்டார். இன்னொரு வீடு துபாய்க்காரருடையது, பூட்டியே கிடக்கிறது. அதற்குக் கொடுத்திருந்தால் ஆயிற்று! அந்தச் சாமர்த்தியம்கூட இல்லாத ஆள்.

ஆனால் ஒன்று, அந்த வருஷம் கரண்ட் போகவில்லை சார். கிளை உரசினால் போனது, அவ்வளவுதான். எல்லாரும் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு அதுதான் சந்தேகம். இந்த ஜனங்களா ஒழுங்காக இருக்கிறார்கள்? யாரும் பார்க்காவிட்டாலும் இருப்பார்களா?

அவருக்கு என் குரல் வித்தையெல்லாம் ரொம்பப் பிடிக்கும். எங்கள் ஹெட்மாஸ்டர் பிரேயரில் தும்முவதைச் செய்து காட்டினால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். "என்னைப் பண்ணுவியாடா?" என்று கேட்டிருக்கிறார். "உங்கள முடியாது சார். உங்க குரல்ல ஒரு ஸ்டைலே இல்ல" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பொய்தான் சொன்னேன். அவர் குரல் எனக்கு எப்போதோ வந்துவிட்டது. முதலில் ஒரு செருமல், பிறகு ஒரு 'அதாவது', பிறகு ஒரு சின்ன நிறுத்தம். எதிரில் இருப்பவர் தலையாட்டும் வரைக்கும் காத்திருப்பார். அந்த நிறுத்தத்தில்தான் சார் அந்த ஆளே இருக்கிறார்.

இந்த மே மாசம் ஒரு மத்தியானம். லீவு, அம்மா டூட்டி, போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் இன்டர்காம் உண்டு, பழைய மாடல், யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. எடுத்தேன். முதலில் செண்பகம் அக்கா. தூத்துக்குடிப் பக்கம். அண்ணன் ஐஸ் பெட்டியில் மீன் போட்டு பஸ்ஸில் அனுப்புவார், அக்கா அதை பிரீசரில் அடுக்கிவைத்திருப்பார், ஒரு கடலே உள்ளே இருக்கும்.

செருமினேன். "அதாவது... தணிகாசலம் பேசறேன்மா. மஞ்சள்ல இன்னிக்கு வோல்டேஜ் சரியில்ல. நீலத்துக்கு மாத்திக்குங்க. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன். வெளிய தெரிய வேண்டாம்."

"ஏ ஐயா, நல்லாயிருப்பிய! நான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடமாட்டேன். அந்த வத்சலாட்ட சொல்லிராதிய, அவ ஊரையே கூட்டிருவா."

அடுத்து வத்சலா மேடம். காலேஜில் பிசிக்ஸ் எடுப்பவர். இவராவது கேள்வி கேட்பார் என்று நினைத்தேன் சார், சத்தியமாக. "ஆக்சுவலி சார், சயின்டிபிக்கா பாத்தா லோடு பேலன்ஸ் ஆகணும்னா ஒரு வீடு ஷிப்ட் ஆறது நல்லதுதான். நானே உங்ககிட்ட சஜஸ்ட் பண்ணலாம்னு இருந்தேன்." சொல்லி முடிப்பதற்குள் திருகு திரும்பும் சத்தம் கேட்டது. டக். பிசிக்ஸாம், பிசிக்ஸ்.

கடைசியாக நாச்சிமுத்து சார். திருப்பூரில் நூல் வியாபாரம் செய்துவிட்டு இங்கே வந்தவர். எங்கள் வீட்டுக்கு ஓனர் அவர்தான். "அதாவது... நீலம் இன்னிக்கு நல்லா ஸ்ட்ராங்கா இருக்குங்க. ரெண்டு ஏசியும் போட்டுக்குங்க. உங்களுக்கு மட்டும்."

"ஏனுங், நெசமாலுமா? அட, நீங்க ஒருத்தர்தானுங் மனுசன். நான் எதுக்குங் வெளிய சொல்லப்போறன்? இப்பவே போட்டர்றனுங்."

போனை வைத்துவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் சீ என்று ஆகிவிட்டது. ஒருத்தராவது "வேண்டாம் சார், முறைன்னா முறைதான்" என்று சொன்னாரா? "எனக்கு மட்டும்னா மத்தவங்க?" என்று கேட்டாரா? வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள் சார் வருஷம் பூராவும். ஒரு குரல் வந்து ஊட்டிவிட்டால் போதும், லபக்.

இதில் இன்னொரு அயோக்கியத்தனம். முறை வருவதற்கு முன்பே, நீல பியூஸ் அடிக்கடி போகிறது என்று நாச்சிமுத்து சார் யாருக்கும் சொல்லாமல் அதில் தடிக் கம்பியாகப் போட்டுக் கட்டிவைத்திருந்தார். லோடு ஏறினால் உருகத்தானே சார் பியூஸ்? உருகவில்லை. அதற்குப் பதிலாக மூன்று பேஸும் வரும் மெயின் கேபிளே எரிந்துவிட்டது. மூன்று மணி வெயிலில் மாடிப்படி முழுக்கக் கறுப்புப் புகை, ரப்பர் வேகிற நாற்றம். கட்டடம் மொத்தமும் அணைந்தது.

லைன்மேன் முனிரத்தினம் அண்ணன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். "இன்னா சார் இது? அல்லாரும் ஒரே கலர்ல குந்திக்கினா கேபிளு இன்னா பண்ணும்? வெந்து பூட்ச்சி. புதுசு வாங்கியாந்து போடுங்க, நான் வந்து கனெக்சன் குடுக்கறேன்" என்றார். கேபிள் வாங்கி, ஆள் பிடித்து, சுவரை உடைத்துப் போட்டு முடிக்க மூன்று நாளாயிற்று.

அந்த மூன்று நாளை நான் எப்படிச் சொல்வேன் சார்! முதல் நாள் எங்கள் வீட்டு இட்லி மாவு பொங்கி பிரிட்ஜ் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வத்சலா மேடம் வீட்டுப் பால் கட்டிகட்டியாக. இரண்டாம் நாள் செண்பகம் அக்கா வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர் வழிய ஆரம்பித்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த தண்ணீர். வஞ்சிரமும் நெத்திலியும் இறாலும் எல்லாம் ஒன்றாகக் கரைந்து படிப்படியாக இறங்கி வருகிறது. ஈ எங்கிருந்துதான் வந்ததோ, சுவரே கறுப்பாகிவிட்டது. தெருப் பூனைகள்கூட வந்து பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போயின. நான் வாந்தி எடுத்தேன். அந்த நாற்றத்தைவிட மோசமான இன்னொரு நாற்றம் அன்றைக்குச் சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் அடித்தது. மீட்டிங்.

யார் முறையை மீறியது என்று கேள்வி. நாச்சிமுத்து சார்தான் முதலில் மெதுவாக, "நானொண்ணும் சும்மா போடலீங். செக்ரட்டரியே எனக்கு மட்டும் சொன்னாரு" என்றார். செண்பகம் அக்கா திரும்பினார். "என்னது? எனக்கு மட்டும்னுல்லா சொன்னாரு!" வத்சலா மேடம், "எக்ஸ்கியூஸ் மீ, எனக்கு மட்டும்னு என்கிட்ட சொன்னாரே!" என்றார்.

சார், அந்த மூன்று முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தவறு செய்துவிட்டோமே என்று ஒருத்தர் முகத்திலும் இல்லை. எனக்கு மட்டும் கிடைத்தது என்று நினைத்தது எல்லாருக்கும் கிடைத்திருக்கிறதே என்ற கோபம்தான்! சீச்சீ.

தணிகாசலம் சார் எழுந்தார். "நான் யாருக்கும் பேசலியே" என்றார்.

"உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா? அந்தச் செருமல்கூட நீங்கதான்" என்றார் வத்சலா மேடம். "காதால கேட்டேன்யா, இந்தக் காதால!" என்று செண்பகம் அக்கா தன் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினார். நாச்சிமுத்து சார் தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார்: "அவரில்லீன்னா வேற எவன்? எவனா இருந்தாலுஞ் செரி, இந்தக் கட்டடத்துல குடி வெக்க மாட்டனுங். அன்னைக்கே சாமானத் தூக்கி ரோட்ல வெச்சுருவன்!"

அப்போதுதான் அம்மா டூட்டி முடிந்து யூனிபார்மோடு உள்ளே வந்தார். என்ன ஏதென்று தெரியாமல் டிபன் பையோடு ஓரமாக நின்றார். தணிகாசலம் சார் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் சார். நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு செருமினார்.

"அதாவது... ஆமா. நான்தான் சொன்னேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! ஒரு மனுஷன் செய்யாததைச் செய்தேன் என்கிறார்! முதுகெலும்பு என்று ஒன்று வேண்டாமா? மூன்று பேர் சத்தம் போட்டால் உடனே ஒத்துக்கொள்வதா? இவ்வளவு பயந்த ஆளையா நாம் இத்தனை நாள் பெரிய மனுஷன் என்று நினைத்தோம் என்று எனக்கு அருவருப்பாகிவிட்டது. நான் வாயைத் திறக்கலாம் என்றுதான் இருந்தேன் சார். நிஜமாகவே. ஆனால் அதற்குள் அவர் சொல்லிவிட்டார். அதற்குமேல் நான் சொன்னால் அவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடும். அத்தனை பேருக்கு முன்னால் வயதானவரை அப்படி அவமானப்படுத்துவதா? எனக்கு மரியாதை தெரியும்.

அப்புறம் அவர்கள் செய்ததைக் கேளுங்கள். செண்பகம் அக்கா அந்த அழுகின மீனையெல்லாம் ஒரு பெரிய பேசினில் வாரி, தணிகாசலம் சார் வீட்டு வாசலில், இதோ இந்த வாசலில், கொண்டுவந்து வைத்தார். "நீரே தின்னும்!" யாரோ கதவில் நீல டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டினார்கள். வத்சலா மேடம் அவரைப் பார்த்தால் போனில் பேசுவது மாதிரிக் கடந்து போவார். இவர்கள் திருகினார்கள், இவர்கள் ஏசி போட்டார்கள், இவர்கள் தடிக் கம்பி கட்டினார்கள். ஆனால் அவர் குற்றவாளி! என்ன ஜனங்கள் சார்! மனசாட்சி என்று ஒன்று கிடையாதா?

பேசினை அவரே தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, மேல் படியிலிருந்து கீழ் வரைக்கும் பினாயில் போட்டுக் கழுவினார். நான்தான் தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன். வேறொன்றும் இல்லை, நாற்றம் தாங்க முடியவில்லை, அதனால். பாதியில், "சார், எதுக்கு சார் நீங்க ஒத்துக்கிட்டீங்க..." என்று ஆரம்பித்தேன். "வாயை மூடிட்டுத் தேய். ஈ பறக்குது பார், உள்ள போயிடும்" என்றார். ஈ நிறைய இருந்தது, வாஸ்தவம்தான்.

ஜூனில் லாரி வந்தது. யாரும் கீழே இறங்கி வரவில்லை. அம்மாதான் ஒரு பிளாஸ்க்கில் காபி கொடுத்தார். தணிகாசலம் சார் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் எங்களிடம்? எதிர் வீட்டில் வத்சலா மேடம் இருக்கும்போது, நேர்கீழ் வீட்டில் செண்பகம் அக்கா இருக்கும்போது, எங்களிடம் எதற்கு? எனக்கே தெரியவில்லை. அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது சார், பாவம். ஏதோ வயர் கோளாறில் குரல் மாறிக் கேட்டிருக்கும் என்று நினைத்திருப்பார்.

இப்போது செக்ரட்டரி என்று யாரும் இல்லை. டேப்பையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டார்கள். பழையபடி தாவல்தான். இதோ, இன்றைக்கும் மஞ்சளிலிருந்து நீலத்துக்குத் தாவித்தான் அணைத்திருக்கிறார்கள். நாங்களா? நாங்கள் சிவப்பில் இருக்கிறோம். யாராவது ஒருத்தர் சிவப்பில் இருந்தால்தான் மற்ற இரண்டும் கொஞ்சமாவது தாங்கும் என்று... அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா திருப்பிவைத்தேன். அம்மா "பேன் ஏண்டா செத்துப்போன மாதிரி சுத்துது?" என்று கேட்கிறார். பேரிங் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? தணிகாசலம் சாரிடம் போய்ச் சொன்னாயா என்றா? இதென்ன கேள்வி? போன் செய்துகொண்டுதானே இருக்கிறேன். முதல் தடவை நாச்சிமுத்து சார் குரலில் செய்தேன். "ஏனுங், தப்பு எங்க மேலதானுங். தடிக் கம்பி போட்டது நாந்தானுங். மனசுல வெச்சுக்காதீங்" என்றேன். அடுத்த வாரம் செண்பகம் அக்கா. "மீனைக் கொண்டாந்து வச்சது பாவம்யா, புத்தி கெட்டுப் போச்சு" என்று கொஞ்சம் அழுதுகூடக் காட்டினேன், அக்கா அழுகை எனக்கு நன்றாக வரும். அவர்கள் எங்கே சொல்லப் போகிறார்கள்? ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நான் சொல்கிறேன். வத்சலா மேடம் குரலில் இங்கிலீஷ் கலந்து சாரி சொன்னேன். அம்மா போனிலிருந்துதான். நம்பரையெல்லாம் பார்க்கிற ஆளா அவர்? கண்ணாடி போடாமலேயே போனை எடுப்பவர்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார் சார். குறுக்கே பேசவே மாட்டார். "சரிங்க, சரிங்க" என்பார். ஆனால் கடைசியில் என்னவோ உளறுவார். செண்பகம் அக்காவிடம் "ராத்திரி அம்மா டூட்டியா? சாப்பிட ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அக்காவுடைய அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது! ஓசூர் குளிரில் மூளை குழம்பிவிட்டதா, வயசாகிவிட்டதா, தெரியவில்லை.

நேற்று மறுபடி நாச்சிமுத்து சார் குரலில் கூப்பிட்டேன். "பேசாம இங்கயே வந்துருங். உங்க ஊடு, நீங்க இல்லாம நல்லால்லீங்" என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அந்தச் செருமல்.

"அதாவது... பிளஸ் டூ புக்கெல்லாம் வாங்கியாச்சா?"

நாச்சிமுத்து சாருக்கு எதற்கு சார் பிளஸ் டூ புக்கு? நரைத்த மீசையும் அவரும்! இப்படிக்கூடவா ஒரு மனுஷன் ஏமாறுவான்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் பாதியில் குரலை மாற்ற முடியுமா? கண்டுபிடித்துவிட மாட்டாரா?

"வாங்கியாச்சுங்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.